207-ஆம் தாள்

முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
பாதி திபிலீசியிலிருந்து, பாதி குத்தாயீசியிலிருந்து.
தாளுக்கு முப்பது தெத்ரி கூலி.
கண்ணுக்கு ஒன்று, காதுக்கு இரண்டு,
எழுத்துக்கு மூன்று, கைக்கு நான்கு:
எதனால் கற்கிறான், எதனால் கற்கிறாள் என்று
மருத்துவ மாணவர் ஒவ்வொருவரையும்
ஒரு பெட்டிக்குள் போட வேண்டும்.
போட்டேன். காகசஸ் குளிருக்கு
ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிந்தது.

திபிலீசியில் பழைய முறை.
படிக்கட்டாய் உயரும் மண்டபம், இருநூறு பேர்.
பேராசிரியர் மக்வாலா
முன்வரிசைக்கு நெஞ்சைத் திறந்து காட்டுவாராம்;
பின்வரிசைக்கு அவர் இருமல் மட்டும் கேட்குமாம்.
ஆண்டு முடிவில் மேசைமேல் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும்.
ஒன்றை எடு.
மண்ணீரல் வந்தால் மண்ணீரல்,
அன்றைக்கு உடம்பில் வேறு உறுப்பே இல்லை.

குத்தாயீசியில் புதிய முறை.
வட்ட மேசை, எட்டுப் பேர், பாடம் நடத்த ஆளில்லை.
திங்கள்கிழமை ஒரு காகித நோயாளி வருவார்.
கட்டோடு மாதிரிக்கு ஒருவரை அனுப்பியிருந்தார்கள்:
பெண், வயது ஐம்பத்திரண்டு,
மாடியேறினால் மூச்சு வாங்குகிறது.
மற்றதை நீங்களே கண்டுபிடியுங்கள்.
வெள்ளிக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்,
சனிக்கிழமை காகிதத்துக்கு மூச்சு சீராகிவிடும்.

எனக்கும் ஐம்பத்திரண்டு.
விரல் கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்றால்
தீர விசாரிக்கப் பதினாறு கேள்விகள்.
புதுக் கருவி கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வாய்?
வழி தெரியாத ஊரில் எதை நம்புவாய்?
சமர்த்துப் பிள்ளைகள், கேட்டதற்கு வட்டமிட்டிருந்தார்கள்.
தேர்வு என்று பயந்தவர்களும் உண்டு:
143-உம் 144-உம்
ஒரே இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தன.

207-இல் ஒரு வட்டமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
‘இதய வால்வு சுருங்கினால் வரும் ஓசையை
வகுப்பில் மூன்று முறை கேட்டேன், பிடிபடவில்லை.
தண்ணீர் வராத ஓர் இரவில்
மேல்மாடிக் குழாய் ஒரு சொடுக்குச் சொடுக்கி
அடித்தொண்டையில் உறுமியது.
எழுந்து உட்கார்ந்தேன். அதேதான்.
இதற்கு எந்தப் பெட்டி?’

ஊர்ப்பெயர் எழுதும் இடமும் காலி.
ஆய்வாளர் ரெவாஸைத் தொலைபேசியில் பிடித்தேன்.
‘விடுபட்ட தரவு. ஒன்பது போடு’ என்றார்.
ஒன்பது போட்டேன்.
தாளை மட்டும் கட்டில் திருப்பி வைக்கவில்லை.

கணக்கு முடிந்தது.
இரண்டு ஊருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை
என்றது கணினி.
ரெவாஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை,
வேறுபாட்டைத் தொலைத்தவள் நான்தான் போல.

மார்ச்சில், மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில்
படிக்கட்டு என்னை உட்காரவைத்தது.

மருத்துவமனையில் நாலு மணிநேர வரிசை.
கடைசியில் ஒரு பெண். சட்டையில் எலிசோ என்று பெயர்,
இன்னும் பயிற்சிக்காலம், கட்டைவிரலில் பேனா மை.
குழலின் வாயை உள்ளங்கையில் சூடாக்கினாள்.
‘இடப்பக்கம் ஒருக்களியுங்கள்.
மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்.’
கண்ணை மூடிக்கொண்டாள்.
உதடு எதையோ ஒப்பித்தது,
எடுத்த சீட்டுக்கு ஒப்பிப்பதுபோல்.
இடக்கை விரல் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டியது.
பிறகு ஒரு கேள்வி, உடனே இன்னொன்று,
மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதுபோல்:
சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா?
முழங்காலா, முழங்கையா?
ஒன்று விட்டு ஒன்றா?
ஒன்பது வயதில், என்றேன். ஒன்று விட்டு ஒன்று.

207 என் கைப்பைக்குள் நான்காய் மடிந்திருந்தது.
நீ எந்த ஊரில் படித்தாய் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

‘பேசாதீர்கள்’ என்று மறுபடி குனிந்தாள்.
மூச்சை வெளியே விட்டு நிறுத்திக்கொண்டு
நானும் காது கொடுத்தேன்.